சிறுகுறிஞ்சான் என்று நான் சொன்னது

ஜூலை 8, 2024
வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. மூலிகையிலேயே இறக்கிவிடுவாராம். பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார்.

ஜூலை 11
இவருடைய கூட்டாளி கோவர்த்தனன் குடிபாலா கிராமத்திலிருந்து ஒரு கொடியை அறுத்து வந்தார். வேலியில் படர்ந்திருந்ததாம்.

"சிறுகுறிஞ்சான்தானே இது? நீ பாட்டனி படிச்சவளாச்சே, சொல்லு" என்றார் இவர்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். திருப்பதியில் நான் வாங்கிய பட்டம் பீரோவில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு அடியில் கிடக்கிறது. இந்த வீட்டில் அதை ஒருவர் மதித்துக் கேட்டது இன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடி, எதிரெதிர் இலை, முட்டை வடிவம். "அதேதான்" என்றேன். லத்தீன் பெயரையும் எடுத்துவிட்டேன். கோவர்த்தனன் கும்பிடாத குறை.

ஜூலை 12
வெறும் வயிற்றில் நாலு இலை மென்றார். ஐந்து வாந்தி. கிளினிக்கில் சலைன் ஏற்றினார்கள்.

"நேத்து துன்ன பஜ்ஜிதான் டாக்டர்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஆமாம் என்றேனா? என்றேன்.

ஜூலை 13
மிச்சக் கொடியை இன்றுதான் தொட்டுப் பார்த்தேன். சிறுகுறிஞ்சான் இலையில் பூனைமுடி இருக்கும். அதை மென்றபின் சர்க்கரை தின்றால்கூட மண்ணாக இருக்கும். இது வழவழ. காம்புப் பக்கம் இதயம்போல உள்வாங்கியிருக்கிறது. பழைய புத்தகத்தைப் புரட்டினேன். நஞ்சறுப்பான். வாந்தி எடுக்க வைப்பதுதான் அதன் தொழில்.

முதல் வகுப்பில் தேறியவளாம் நான். தூ.

ஜூலை 14
சொல்லிவிட்டேன்.

"பஜ்ஜி இல்லீங்க. நான்தான். எலையில முடி இருக்கான்னு தொட்டுக்கூடப் பாக்காம, பெருமைக்குச் சொல்லிட்டேன்."

இனி இவர் என் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

"பாவம் அந்த பஜ்ஜி" என்றார். "ரெண்டு நாளா அத்த திட்டிக்கினு கீறேன்."

சிரித்தேன். அப்புறம் அழுதேன். டாக்டரிடமும் போய்ச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 29
மாடிவீட்டு மனோரமா அக்கா ஒரு இலையோடு வந்தார், மூட்டுவலிக்காம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியலக்கா. பூத்தா கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்."

"இன்னாத்தப் படிச்சியோ" என்று போய்விட்டார். வலிக்கத்தான் செய்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது இவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இத்தயும் ஒருவாட்டி பாத்துடு. முடி கிடி கீதா?"

வாங்கித் தடவிப் பார்த்தேன். வெள்ளை. வட்டம். நடுவில் ஒரு கோடு.

"முழுங்குங்க" என்றேன்.

முழுங்கினார்.