தார்த்தாளில் ஓர் ஓட்டை

அன்பு மகளுக்கு,

நேற்று மாப்பிள்ளை வந்து சுவரைச் சரிசெய்துவிட்டுப் போனார். கூப்பிட்டது நான் அல்ல, உன் அம்மா. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

போன மாதம் ஓதம் ஏறிய அந்தச் சுவரைக் காட்டி, அவரைப் பெற்றவர்கள் முன்னாலேயே, "கொத்தனார் மாப்பிள்ளை கட்டின லட்சணத்தைப் பாருங்க" என்றேன். நீங்கள் எல்லோரும் சாப்பிடாமலே எழுந்து போனீர்கள்.

மண்ணிலிருந்து ஈரம் ஏறாமலிருக்க, சுவரின் அடியில் அவர் ஒழுங்காகத் தார்த்தாள் விரித்துத்தான் கட்டியிருந்தார். வாஷிங் மெஷின் குழாய்க்காக, எனக்குத் தெரியாததா என்று நானே துளை போட்டேன். கறுப்புக் கறுப்பாக ஏதோ பிய்ந்து வந்தது. பயந்துபோய் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, மெஷினை அதன் முன்னே தள்ளி வைத்துவிட்டேன்.

நேற்று மெஷினை நகர்த்தியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்து, கிழிந்த தாளின் மேல் புதுத் தாளை ஒட்டி, கலவையை இறுக்கி அடைத்தார்.

"என்ன கோளாறு மாப்பிள்ளை?" என்று உன் அம்மா வந்து நின்றாள்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "என் வேலையிலதான் அத்தை. சரி பண்ணிட்டேன்" என்றார்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. அவள் படிக்காமல் போடமாட்டாள்.

அப்பா