ஊர் முழுக்க ஒரே கம்பியில்

அன்பு மகள் ஹேரானுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி பிடிக்காமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, இந்த வருஷமும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும்போது பக்கத்து வீட்டுக்காரிகள் யாரையும் முட்டைக்கோஸைத் தொடவிடவில்லையாம், அதிலிருந்தே தெரிந்துகொள். நான்தான் இலையுதிர்காலத்திலிருந்து வீட்டில் இல்லை. இத்தனை வருஷமாக எங்கள் ஆராய்ச்சிக்கூடம் அரசாங்கப் பணத்தில் செய்துவந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஒரு மலையடிவாரத்து ஊரில் கொண்டுவந்து வைத்துச் சோதனை பார்க்கிறோம், எனக்கு நூடுல்ஸ் கடை மாடியில் ஜாகை. கடைக்கார பியோ அம்மாளின் வாய் உனக்குப் பிடிக்கும். முதல் நாளே, ஏன் டாக்டரையா, நாங்க கட்டுற வரியையெல்லாம் அந்த இரும்பு அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டிட்டீங்களாமே, அது வாயைத் திறந்து பேசுமா இல்ல சும்மா சூடாகுமா என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டு மேலே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனி மூட்டத்தில் மலையே தெரியவில்லை, கம்பங்கள் மட்டும் ஆகாயத்தில் மிதப்பதுபோல நின்றன. அந்தக் கம்பிகளில் நாங்கள் செய்த ஏதோ ஒன்று ஓடுகிறது என்று நினைக்க நினைக்க, பார்ப்பது கனவா நிஜமா என்றே பிடிபடவில்லை மகளே.

போன சந்தை நாளன்று அமைச்சகத்திலிருந்து நாம் என்ற பெயருடைய இயக்குநர் ஒருவர் வந்திருந்தார். எங்களுக்கு இன்னும் பணம் கொடுப்பதா, இல்லை வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சையே வாங்கிவிடுவதா என்பது அவர் சொல்லப்போவதைப் பொறுத்தது. எங்கள் குழுவில் தாக் என்று ஒருவர், கெட்டிக்காரர், பயந்த சுபாவம். ஐயா, ஊரே ஒண்ணாப் பேசினா இது தாங்குமோ என்னமோ, அவர் இருக்கிற வரைக்கும் பாதி ஊரைப் பழைய எக்ஸ்சேஞ்சுலயே விட்டுடலாம், யாருக்குத் தெரியப் போகுது என்றார். எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்ப் பணத்தில் செய்த பொருளை ஊருக்குத் தெரியாமல் மூடிவைத்துக் காட்டுவதாவது, முழு ஊரையும் இதிலேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உச்சி வேளையில் சந்தை சூடுபிடித்து, ஊரே போனை எடுத்ததும் ஆரம்பித்தது கூத்து. எல்லாப் பேச்சும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒருத்தர் விதைப் பூண்டு விலை கேட்கிறார், பதில் வேறு யாரோ சொல்கிறார்கள், ஒரு மாமியார் மருமகளைத் திட்டத் தொடங்கினால் நாலு பேர் மருமகளுக்குப் பரிந்து பேசுகிறார்கள். இயக்குநர் ரிசீவரைக் காதில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். எங்கோ ஒரு பெண் போனைக் கீழே வைக்க மறந்து குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள், அந்தத் தாலாட்டு மற்றக் குரல்களுக்கு அடியில் ஆறு மாதிரி ஓடியது. நானும் இன்னொரு ரிசீவரில் கேட்டேன். எங்கள் கதை முடிந்தது என்று தெரிந்தும், ஊர் முழுக்கக் குளிருக்குச் சூடேற்றிய ஒரே வீட்டுத் தரையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்த அந்தச் சத்தத்திலிருந்து காதை எடுக்க முடியவில்லை.

அப்போது தாக் முகமெல்லாம் சிவந்து முன்னால் வந்தார். ஐயா, கூட்டம் ஒரு அளவைத் தாண்டினா புதுப் பேச்சு எல்லாம் ஒரே தடத்துல விழுது, அந்தப் பகுதி புரோகிராம் நான் எழுதினது, தப்பு என்மேல, சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிடுவேன் என்றார். காலையில் ஒளிக்கச் சொன்ன அதே மனிதர்தான் மகளே. சொன்னபடியே வெளிச்சம் மங்குவதற்குள் சரிசெய்தும்விட்டார். இயக்குநர் காரில் ஏறாமல் அதுவரை காத்திருந்து, நம்ம பெட்டி நம்மளை நல்லா அசிங்கப்படுத்துது டாக்டர், ஆனா வாங்கின பெட்டின்னா ரிப்பேர் பண்ணக் கடல் தாண்டி ஆள் வர்ற வரைக்கும் இந்த ஊர் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும், தாக்கை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க, வேலை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தாக் அலமாரிக்குப் பின்னால் போய் அழுதார், நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன். பியோ அம்மாளுக்குத்தான் வருத்தம். இப்ப ஒரு எண்ணைச் சுத்துனா ஒரே ஒரு ஆளுதான் பேசுறாங்க, அன்னைக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு, திரும்பக் கெடுத்துக் குடுங்களேன் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ட்யூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. நீ நீண்ட நாள் நலமாக, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்று மறக்காதே, சந்திரப் புத்தாண்டு அன்று இந்த ஊரிலிருந்து தலைநகர் வழியாக உனக்குப் போன் போட அனுமதி கிடைத்திருக்கிறது, அம்மாவும் இங்கே வருகிறாள். மணி அடித்து எடுத்ததும் உடனே பேசிவிடாதே. நீ மூச்சு விடுவது நாங்கள் செய்த பெட்டிக்குள் புகுந்து வருகிறதா என்று முதலில் நான் கேட்க வேண்டும்.

உன் அன்பு அப்பா,
குவாக் சாங்யுல்