உங்கள் படத்துக்கு இறக்கை வைக்க மாட்டேன்

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய அத்தான் ஜெபசிங் அவர்களுக்கு,

தாராவியிலிருந்து தங்கள் மாமன் மகள் வடிவு வணக்கத்துடன் வரைவது. தாங்கள் மறைந்து ஓராண்டு நிறைவுற்ற பின்னரே இம்மடல் தங்களை நாடி வருகிறது. இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

'தங்களை' என்று எழுதியதுமே நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "ஏ வடிவு, இது லவ் லெட்டரா, முனிசிபாலிட்டி நோட்டீஸா?" என்பீர்கள். இந்திப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த வார இதழ்களைப் புரட்டி, எவர் துணையுமின்றி நானே கற்ற தமிழ் இது. இதை யாருக்காகவும் தளர்த்த மாட்டேன், உங்களுக்காகவும்.

உங்களுக்கோ தமிழ் எழுத்து கடைசிவரை பிடிபடவில்லை. நான் எழுதிய கடிதங்களையெல்லாம் என்னிடமே திருப்பித் தந்து, மாட்டுங்கா நிலையத்துப் பாலத்தில் நிறுத்தி, வாசித்துக் காட்டச் சொல்வீர்கள். இதையும் வாய்விட்டு வாசிக்கத்தான் போகிறேன். கேட்கும் தொலைவில் இருக்கிறீர்களா?

அந்தப் பாலத்தில் ஒருநாள், "அடுத்த பிறவியிலும் தாங்களே எனக்குத் துணையாக வாய்க்க வேண்டும்" என்று வாசித்தேன். நீங்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "எங்க வேதத்துல அடுத்த சான்ஸ் கிடையாது வடிவு. ஒரே டிக்கெட், ரிட்டர்ன் இல்ல. அதான் சொல்லுதேன், இப்பவே கையப் பிடி." பொது இடத்தில் அது முறையன்று என்றேன். சொல்லிக்கொண்டேதான் பிடித்தேன்.

அம்பர்நாத் தொழிற்சாலைக்குப் போய்வந்த உடம்பை மஞ்சள் காமாலை ஒரே மாதத்தில் தின்றுவிட்டது. டிக்கெட் பற்றி நீங்கள் சொன்னது சரியாகிப் போயிற்று. ஆனால் உங்களை அப்படியே விட்டுவிட இங்கே ஒருவருக்கும் மனமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் நற்செய்தி. உங்கள் தங்கை ஸ்டெல்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இடது காதின் பின்னால் ஒரு மச்சம், உங்களுக்கு இருந்த அதே இடத்தில். அத்தை அதைப் பார்த்த நொடியிலேயே முடிவு செய்துவிட்டார்கள். என் அப்பாவுடன் பிறந்து, மாமாவை மணந்து கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, முப்பது வருடமாக ஒரு ஞாயிறு ஆராதனைகூடத் தவறவிடாத உங்கள் தாயார், மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, "எம் மவன் வந்துட்டான்" என்றார்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறு. வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டுங்கா கோயிலுக்குப் போகும் என் அம்மா, நீங்கள் வானதூதனாகிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வாஷியில் ஒரு வரன் வந்திருக்கிறது. 'அத்தை மகனுக்குப் பேசி வெச்ச பழைய பேச்சு என்னாச்சு' என்று அவர்கள் கேட்டார்களாம். மேலே போனவர் போனவராகவே இருந்தால்தான் அம்மாவுக்குத் தோது.

ஒரு தாய்க்கு மறுபிறவி வேண்டும், மற்றொரு தாய்க்குத் தூதன் வேண்டும். இருவரும் தத்தம் தேவைக்கு மற்றவரின் நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

நான் இப்போதும் அதே பேனர் கடையில்தான் கணினி முன்னால் அமர்கிறேன். கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, எல்லாவற்றுக்கும் வாசகம் என்னுடையதுதான். உங்கள் ஓராண்டு நினைவு ஜெபமும் குழந்தையின் பெயர்சூட்டு விழாவும் ஒரே ஞாயிற்றுக்கிழமை என்று அத்தை முடிவு செய்து, பேனர் சொல்ல வெள்ளியன்று வந்தார்கள். பின்னாலேயே அம்மாவும் வந்துவிட்டாள். திரையில் உங்கள் படம். அந்த நீலச் சட்டைப் படம்தான்.

"ஏட்டி, ரெக்கை வை" என்றாள் அம்மா. "அந்த வெள்ளை ரெக்கை. கீழ மேகம் போடு."

"ரெக்கையெல்லாம் வேண்டாம்" என்றார்கள் அத்தை. "கண்ணீர் அஞ்சலின்னும் போடாத. 'மீண்டும் வந்தார்'னு போடு. பக்கத்துல பிள்ளை படம். ரெண்டு படத்துக்கும் ஒரே பேரு."

"மைனி, செத்தவன் மோட்சத்துக்குப் போவான்னு நீங்கதான சொல்லுவீய. போனவன் தூதனாத்தான இருப்பான்?"

"மனுஷன் செத்தா தூதனாவ மாட்டான். எங்க பாஸ்டரே சொல்லிட்டாரு."

"அப்போ திரும்பப் பொறப்பான்னும் ஒங்க பாஸ்டர் சொன்னாரா?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். "அத நான் அவருட்ட கேக்கல."

கடை அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெக்கைக்குத் தனி சார்ஜ் கிடையாதும்மா. ஆனா ஆளு போனாரா வந்தாரான்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்க. அச்சடிச்சா அடிச்சதுதான்" என்றார்.

அந்த இறக்கையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எங்கள் கணினியில் இருப்பது ஒரே ஒரு சோடி. அன்னப்பறவைப் படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தது. பேக்கரிக்காரர், பள்ளிப் பிள்ளைகள், ரவுடி என்று பெயரெடுத்த ஒருவர், எல்லோருக்கும் அதையே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் என் கையால் மாட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. அன்று உங்கள் தோளருகே கொண்டுபோய் வைத்தபோது, அது உங்களை எவராக வேண்டுமானாலும் ஆக்கிவிடும் என்று தோன்றியது.

அத்தைதான் தீர்ப்பை என் தலையில் வைத்தார்கள். "வடிவே சொல்லட்டும். கட்டிக்கப் போறவளுக்குத் தெரியாதா? நாளைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வா. பிள்ளைய மடியில வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு. நீ சொல்லுதபடி பேனர அடிக்கட்டும்."

மறுநாள் மாலை படியேறும்போதே ஸ்டெல்லா என் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்தாள். திருமணம் நின்றுபோன பின்னும் அவள் என்னை, அண்ணன் மனைவியை அழைப்பதுபோல, 'மைனி' என்றுதான் அழைக்கிறாள். "மைனி, அம்மா இவனக் கொஞ்சும்போதெல்லாம் அண்ணன் பேரச் சொல்லி அழுதா. எம் பிள்ளை கண்ணு முழிச்சதுல இருந்து அழுத முகத்தைத்தான் பாக்குதான். நான் அவனுக்கு ரூபன்னு பேரு நினைச்சு வெச்சிருக்கேன். யார்ட்ட சொல்ல? நீங்க சொன்னாத்தான் கேப்பா."

கூடத்தில் சபைப் பெண்கள் சிலர் அமர்ந்திருந்தனர். அம்மாவும் வந்திருந்தாள். அத்தை குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார்கள். அவன் வீறிட்டு அழுதான். தாலாட்டு எதுவும் எனக்கு வராது. என்ன செய்வதென்று அறியாமல், எனக்குத் தெரிந்த தமிழில், "அழுதல் வேண்டா, அமைதி கொள்க" என்றேன்.

அவன் அழுகையை நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது. நோட்டீஸா என்று கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு ஏறுமே, அப்படி.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தான், அந்தக் கணத்தில் நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை உங்களிடம் மட்டுமே சொல்ல முடியும். ஆம் என்ற ஒரு சொல் போதும். நாள்தோறும் உங்களைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக் கதவு எனக்கு என்றும் திறந்திருக்கும்.

ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தை" என்றேன். "இது அத்தான் இல்ல. இது ஸ்டெல்லா பிள்ளை."

"பொய் சொல்லுத. ஒன் கண்ணுல தண்ணி நிக்கி."

"என் கண்ணுக்கு என்ன தெரியும். இவன் நேத்துப் பொறந்த பிள்ளை அத்தை. வளந்து தெருவுல கிரிக்கெட் ஆடும்போது, 'நீ இவளக் கட்டிக்க இருந்தவன்'னு என்னையக் காட்டிச் சொல்லுவீயளா? நீங்க அத்தான நினைச்சு அழுத கடனெல்லாம் இவனா அடைக்கணும்?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான்தான் அப்பவே சொன்னேன்லா. அவன் மேல தூதனாயிட்டான்."

"தூதனும் ஆகலம்மா. அவருக்கு உயரமே ஆகாது. மாட்டுங்கா பாலத்துல நின்னாலே கம்பிய விடமாட்டாரு. அவரு எங்க பறக்க?"

சபைப் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அதைக் கேட்டு அத்தைக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, இந்த ஓராண்டில் நான் கேட்டிராத ஒரு குரலில், "அப்போ எம் மவன் செத்துத்தான் போனானாட்டி?" என்று கேட்டார்கள்.

அதற்கு நான் ஆம் என்றேன். அத்தான், அந்த ஆம்தான் கடினம்.

பேனரை நானே வடிவமைத்தேன். உங்கள் படம், உங்கள் பெயர், 'ஓராண்டு நினைவு'. வேறொன்றும் இல்லை. குழந்தையின் பெயர் ரூபன். சபை முன்னால் ஸ்டெல்லாவே அதை உரக்கச் சொன்னாள். வாஷிக்காரர்கள் வந்தபோது, நான் ஒருவரை நேசித்தேன், அவர் இறந்துவிட்டார் என்று நானே அவர்களிடம் தெரிவித்தேன். தேநீர் அருந்தினார்கள், போன் செய்கிறோம் என்றார்கள், போன் வரவில்லை. அத்தை என்னை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரே ஒரு நன்மை: இருவரும் இப்போது நாள்தோறும் போனில் பேசிக்கொள்கிறார்கள். என்னைத் திட்டுவதற்காக.

திட்டட்டும். நான் அஞ்சவில்லை. உங்களுக்கு இறக்கையும் தரவில்லை, தொட்டிலும் தரவில்லை. என் கையைப் பிடித்தவர் வியர்வையும் இரும்புத்தூள் வாசமுமாக ரயிலிலிருந்து இறங்கி வந்த ஒரு மனிதர். அவரைத் தவிர வேறெவரையும் அந்த இடத்தில் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

அங்கே உங்களுக்கும் ஒரு சொல். யாரேனும் இறக்கை கொண்டுவந்து நீட்டினால் மறுத்துவிடுங்கள். மறுபிறவி என்று வரிசையில் நிறுத்தினால், வரிசையை விட்டு விலகி நில்லுங்கள். விதி அப்படியன்று என்று சொன்னால், வடிவு ஒப்பவில்லை என்று சொல்லுங்கள். ஒரே டிக்கெட் என்று சொன்னவர் நீங்கள். அப்படியாயின் உங்கள் பயணத்தில் எனக்கு வாய்த்த பகுதியை வேறு எவரும் திருத்தி எழுதக் கூடாது.

உறுதி கூறுகிறேன்: நீங்கள் மேலே போய்விட்டீர்கள் என்பதற்காக நான் எவரையும் மணக்க மாட்டேன். நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள் என்பதற்காக மணக்காமல் இருக்கவும் மாட்டேன். என் நெஞ்சம் என்றேனும் ஒருவரை விரும்புமாயின், அச்செய்தியை முதலில் உங்களுக்கே, பிழையற்ற தமிழில், வாய்விட்டு வாசிப்பேன்.

பதில் அனுப்ப அங்கே வழியிருந்தால், அத்தையின் கனவில் சொல்லி அனுப்ப வேண்டாம். அம்மா நம்பும் குறிகாரியிடமும் வேண்டாம். பச்சைக் குழந்தையின் உதட்டில் மறுபடி வரவே வேண்டாம், என்னால் இன்னொரு முறை தாங்க இயலாது. எனக்கே, நேராகச் சொல்லுங்கள்.

இம்மடல் செவியுற்றதும் விரைந்து பதில் தரவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
வடிவு