ஊரில் தெரிந்த ஒருத்தி

சோல்டோ, இத்தாலி,
செப்டம்பர் கடைசி

அன்புள்ள பொர்த்தோலோவுக்கு,

நெரினா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் என் முழங்காலே சிரிக்கும். ஆனாலும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஐஸ்கிரீம் கடையின் பின்னறையில் ஈரம் அதிகம், அங்கே படுக்காதே என்றால் கேட்க மாட்டாய். போனில் பேசினால் கடையில் கூட்டம் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

சமையல் வகுப்பு இன்னும் ஓயவில்லை. விடுமுறைக்கு மலையேற வருகிறவர்களுக்கெல்லாம் நம் சமையல் மேல் திடீர்ப் பாசம். மாவைத் தொடுவதற்கு முன் படம் எடுக்கிறார்கள், தொட்டதும் கை கழுவ ஓடுகிறார்கள். மாவுக்குள் வைக்கும் பீட்ரூட்டின் கறை போகாது என்று சொன்னாலும் வெள்ளைச் சட்டையில்தான் வருவார்கள். உன்னோடு ஜெர்மனிக் கடையில் நின்றது போதும், கால் தாங்காது என்று டாக்டர் சொன்னதால்தானே நான் இங்கே தங்கினேன்? இப்போது என் அடுப்படியில் நாள் முழுக்க நிற்கிறேன். ராத்திரியானால் கால் வீங்கிப்போகிறது.

போன வாரம் காஸலிலிருந்து ஹைகே என்ற அம்மாளும் அவள் கணவரும் வந்தார்கள். நீ கடை வைத்திருக்கும் ஊர் ஆயிற்றே என்று நன்றாகவே கவனித்தேன். வட்டமாக வெட்டிய மாவில் அவள் பீட்ரூட்டை அள்ளி அள்ளி வைத்தாள். கொஞ்சமாக வை, இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் வாயைப் பிளந்துவிடும் என்று சொல்லி, பிறை போல மடித்துக் காட்டினேன். அப்போதுதான் சொன்னாள்:

"எங்க தெரு முனையில ஐஸ்கிரீம் விக்கிற பொர்த்தோலோதான் உங்ககிட்ட அனுப்பினாரு. ஊர்ல தெரிஞ்ச ஒருத்தி இருக்கா, நெரினான்னு பேரு, கைப்பக்குவம் பிரமாதமா இருக்கும்னாரு."

மடித்த மாவைக் கீழே வைத்தேன்.

"ஆமா, எனக்கும் அவரைத் தெரியும்" என்றேன்.

மனைவி என்று சொல்லியிருந்தால் நீ பொய்யன் ஆகியிருப்பாய். அந்தத் தெருவில் நீ கடை நடத்த வேண்டுமே. அவளோ விடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் கடையை மூடப் போவதில்லையாம், சூடாக வாஃபிள் போடப் போகிறாயாம். தனிக்கட்டைக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று அவள் கணவரும் சேர்ந்துகொண்டார். அன்று தண்ணீரில் உப்புப் போட மறந்துவிட்டேன், பொர்த்தோலோ. இத்தனை வருஷத்தில் நான் செய்யாத தப்பு. உருகிய வெண்ணெயும் கசகசாவும் போட்டுக் கொடுத்ததை அவர்கள் ஆஹா ஓஹோ என்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உப்பில்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

அக்டோபர் முடிந்தால் கடைக்குப் பூட்டு, இறந்தோர் திருநாளுக்கு, வெளிநாட்டில் ஐஸ்கிரீம் விற்கப் போன ஆண்கள் எல்லாரும் வீட்டில். இது நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன வருஷம் நீ கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தாய், பனி உருகும் முன்பே கிளம்பினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கோவிலில் பக்கத்து வீட்டு இனேஸ் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கும்போதெல்லாம் வழக்கம்போல என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அவளும் நம்புவது போல் தலையாட்டுகிறாள்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை, அசதிதான் வருகிறது. சண்டை போடுவதற்குக்கூட நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே வேறு யாராவது இருக்கிறாளா என்று கேட்க மாட்டேன். இருந்தால் நீயே எழுது, படித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எதற்காக என்னை ஊரில் தெரிந்த ஒருத்தி என்றாய் என்று நீ என்னிடம் நேரில் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் இனி என் பெயரைச் சொல்லாதே. இங்கே யாரையும் அனுப்பாதே. நீ வா.

வருகிற வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக அமைய மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மனைவி
நெரினா