பூச்சி மருந்து விளம்பரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய முதல் வேலை ஒரு பூசணிக்காய். யாரோ புது லாரி வாங்கி, திருஷ்டி சுற்றி, குங்குமம் தடவிய பூசணிக்காயைச் சாலையில் உடைத்து, சமூக வலைத்தளத்தில் படம் போட்டிருக்கிறார். பதிவுகளைச் சலிக்கும் இயந்திரம் பதறிப்போய், "வெட்டுண்ட தலை, கடும் வன்முறை" என்று மூடிவிட்டது. நான் திறந்துவிட்டேன். உலகத்தையே ஆளுகிற நிறுவனம்; பூசணிக்காய்க்கும் தலைக்கும் வித்தியாசம் சொல்ல ஜொகூர் பாருவில் ஒரு தமிழச்சி தேவைப்படுகிறாள். பெருமைதான்.

நிறுவனம் என்று சொல்லக்கூடாது. எங்களுக்கு அவர்கள் 'கிளையண்ட்'. நாங்கள் அவர்களுக்கு ஆள் சேர்த்துத் தரும் கடை. தமிழ்ப் பதிவுகளின் வரிசையைப் பார்த்து, விடுவதா நீக்குவதா என்று முடிவு செய்ய நானும் டாரிலும் மட்டும். என்ன வேலை என்று யார் கேட்டாலும் 'கஸ்டமர் சர்வீஸ்'. தம்பிக்குக்கூட அவ்வளவுதான் தெரியும்.

மார்ச் 7, சனி

தம்போய் வட்டாரத்தில் தம்பி ரூபேந்திரனின் ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். வேறு கார் எதுவும் நிற்கவில்லை. காருக்கு அடியில் இருக்க வேண்டியவன் போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கார் கழுவும் கடையில் வேலை செய்யும் ஹாஷிம் போன்ற மியன்மார்காரர்களைத் திட்டித்தான்.

"முன்ன பிரேக் மாத்தறது எப்படின்னு வீடியோ போட்டேன்க்கா. நாப்பது பேர் பாத்தாங்க, அதுல பாதி நம்ம சொந்தம். இவங்கள ஒரு தடவ திட்டினேன். லட்சம் தாண்டிருச்சு."

"ஹாஷிம் உனக்கு என்னடா பண்ணாரு? உனக்கும் சேத்துதான் டீ வாங்கிட்டு வராரு."

"ஹாஷிம் நல்ல ஆளுதான். நான் பொதுவா சொல்றேன்."

பொதுவா. கப்பலில் வந்து இறங்கிய நம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றியும் யாராவது பொதுவாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டான். என் திரையில், என் வரிசையில், என் தம்பி.

"கரப்பான்பூச்சிங்க. ஒண்ணு வந்தா நூறு வரும். மருந்து அடிச்சாத்தான் போகும்." பின்னால் ஹாஷிம் வேலை செய்யும் கடையின் பலகை தெளிவாகத் தெரிகிறது.

தெரிந்தவர் பதிவு என்றால் வேறு ஆளிடம் தள்ள வேண்டும். டாரில் லீவு. டீம் லீடர் வலேரியிடம் போனேன். "வேற ஆள் இல்ல லா பிரேமலா. நீயே முடி, வரிசை நிக்கக் கூடாது" என்றாள். நீக்கினேன்.

மார்ச் 16, திங்கள்

என் தீர்ப்பு தவறாம். மேல்முறையீட்டில் மறுபடி பார்த்தவர் எந்த நாட்டிலோ இருக்கிறார். தமிழ் தெரியாது, இயந்திர மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார். அவர் சொன்ன காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன்: "பூச்சி மருந்து விளம்பரம். விதிமீறல் இல்லை. மீண்டும் அனுமதிக்கப்படுகிறது." எனக்கு ஒரு பிழைப் புள்ளி.

விளக்கி எழுதினேன். பதில் உடனே வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.

வீட்டுக்கு வந்து போனில் பார்த்தால், தம்பியின் வீடியோவுக்கு முன்னால் கரப்பான்பூச்சி ஸ்ப்ரே விளம்பரம் ஓடுகிறது. தமிழ் புரியாவிட்டால் என்ன, வியாபாரம் புரிகிறதே.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி ஷாமளா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

"அந்தக் கரப்பான்பூச்சி வீடியோவ எடுத்துடுடா ரூபன்."

"ஏன் எடுக்கணும்? யாரோ தூக்கினாங்க. நான் அப்பீல் பண்ணேன். கம்பெனியே பாத்து, தப்பில்லன்னு திருப்பிப் போட்டுச்சு. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

அந்த 'யாரோ' எதிரில் உட்கார்ந்து நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கேக்க மாட்டாருக்கா," என்றாள் ஷாமளா. "கீழ எழுதறவங்க எல்லாம் 'தலைவா'ங்கறாங்க. வீட்டுல யாரு அப்படிக் கூப்பிடப் போறா?"

மார்ச் 27, வெள்ளி

ஆபிசில் மனநல தினம். கேக் வெட்டினார்கள். மூச்சை இழுத்து, உள்ளே இருக்கும் வெறுப்பை வெளியே விடச் சொன்னார்கள். எங்கே விடுவது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

மருந்து அடிச்சிட்டாங்க.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

செடெனாக் பக்கமிருந்து இரண்டு பேர். தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து, கார் கழுவிக்கொண்டிருந்த ஹாஷிமின் முகத்தில் அடித்திருக்கிறார்கள். பட்டப்பகலில். படம் எடுத்து ரூபனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்: தலைவா, நீங்க சொன்னத செஞ்சிட்டோம்.

அலறல் கேட்டு முதலில் ஓடியது ரூபன்தான். கார் கழுவும் குழாயை எடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தானாம். ஹாஷிமுக்கு அது யார் கை என்று தெரியவில்லை. "தெரிமா காசே, தெரிமா காசே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"எனக்குப் போய் நன்றி சொல்றாருக்கா," என்று போனில் அழுதான். நான் ஆறுதல் சொல்வேனா? பாவி, படிச்சுப் படிச்சு சொன்னேனே.

ஏப்ரல் 7, செவ்வாய்

ரூபன் வீடியோவை அழித்துவிட்டான். பிரதிகள் ஊரெல்லாம் ஓடுகின்றன. தன் முகம் இருக்கும் வீடியோக்களைப் பற்றித் தானே புகார் செய்கிறான். விதிமீறல் இல்லை என்று அவனுக்கே பதில் வருகிறது. அவை என் வரிசைக்கு வருவதுகூட இல்லை. ஒரு தடவை அனுமதித்ததை இயந்திரம் மறுபடி கேட்காது.

மன்னிப்புக் கேட்டு ஒன்று போட்டான். ஹாஷிமின் கட்டுப் போட்ட முகத்தையும் அதில் சேர்த்திருந்தான், அவரைக் கேட்காமலே. அதை உடனே நீக்கிவிட்டார்கள். காரணம்: மனதைப் பாதிக்கும் காட்சி.

செய்தியில் பேர் அடிபட்டதும் கிளையண்ட் அறிக்கை விட்டிருக்கிறது: "எங்கள் தளத்தில் வெறுப்புக்கு இடமில்லை." உண்மைதான். நிரம்பிவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

போலீசில் போய்ச் சொன்னேன். நான் நீக்கியது, அவர்கள் திருப்பிப் போட்டது, எல்லாம். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அந்த நிறுவனத்தில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?" என்றார்.

யோசித்தேன். இத்தனை வருட வேலையில் அங்கே ஒரு மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆபிசுக்கு வந்து வலேரியிடம் நானே சொன்னேன். சாயங்காலத்துக்குள் வேலை போய்விட்டது. ரகசிய ஒப்பந்தத்தை மீறிவிட்டேனாம். ஒரு விதிமீறலை இவ்வளவு வேகமாக அவர்கள் கண்டுபிடித்து நான் பார்த்ததே இல்லை.

வலேரி லிஃப்ட் வரை வந்தாள். "சாரி லா. எனக்கும் குடும்பம் இருக்கு." அவளைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

ஹாஷிமுக்கு ஒரு கண் தப்பியது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். அடித்த இருவரும் உள்ளே. ரூபனை விசாரித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். வீடியோவில் பேசியது தான்தான் என்று போன வாரம் அவனே ஹாஷிமிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

இன்று அவர் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். ரூபன் காரைத் துடைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினான். மனைவியின் தோளைப் பிடித்தபடி ஹாஷிம் வெளியே வந்தார். ரூபன் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தான்.

"வேண்டாம், பரவாயில்லை" என்று மலாயில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அவரும் மனைவியும் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயிலில் வெகுநேரம் நின்றார்கள். பஸ் வந்ததும் மனைவி முதலில் ஏறி, கை கொடுத்து அவரை ஏற்றினாள்.

"பின்னாடியே போகவாக்கா?" என்றான் ரூபன், மறுபடி காரில் ஏறி.

"போய்?"

இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நானும் இறங்கவில்லை.