மாப்பிள்ளை காப்பாற்றிய படகு

பெய்ஸ்லி,
ஆகஸ்ட் 3

அன்புள்ள ஸ்ட்ருவன்,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. உன் இருமல் விட்டதா? உலகத்தின் தென்கோடியில் டனீடனில் இப்போது கடுங்குளிர் என்றாயே, நான் பின்னி அனுப்பிய காலுறைகளைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்.

வழக்கம்போல ஜூலையில் இரண்டு வாரம் ஏரிக்கரை வீட்டுக்குப் போய் வந்தோம். உன் தங்கை கிர்ஸ்டியும் மாப்பிள்ளை கேவினும் ஞாயிறு ராத்திரி குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். பதினான்கு நாளில் ஒன்பது நாள் மழை, மழை விட்ட நேரமெல்லாம் மிட்ஜ் பூச்சி, கேவினின் முகத்தைப் பார்த்தால் அம்மை போட்டதுபோல இருந்தது. போய் இறங்கிய சனிக்கிழமையே அப்பா படகைக் கொட்டகையிலிருந்து இழுத்து, அடித்துளையை அடைக்கும் தக்கையைப் பிடுங்கி, உள்ளே கல்லைப் போட்டு, கரையோரத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டார். குளிர்காலம் முழுக்கக் காய்ந்து சுருங்கின பலகை நாலு நாள் ஊறி உப்பினால்தான் இடுக்கெல்லாம் அடைபடும் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கிளாஸ்கோவில் மூன்றாம் மாடியில் வளர்ந்த மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவர் விறகு பிளக்கிறேன் என்று தங்கிவிட, நாங்கள் சாமான் வாங்க ஓபன் ஊருக்குப் போய்விட்டோம். ராத்திரி மழையில் படகு முழுகிப்போயிற்று, எந்தப் போக்கிரியோ கல்லையும் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மனிதர் தண்ணீரில் இறங்கிவிட்டார். அடித்துளை திறந்திருப்பது தெரியாமல் ஒரு மணி நேரம் வாளியால் இறைத்தாராம். பிறகு விறகுக் கட்டைகளை உருளையாகப் போட்டுக் கரைக்கு இழுத்து, வீட்டிலிருந்து மின்கம்பி நீட்டி, கிர்ஸ்டி தலை உலர்த்தும் கருவியால் பலகை பலகையாக உலர்த்தியிருக்கிறார். முட்டை கொடுக்க வந்த பக்கத்துப் பண்ணை மிஸஸ் மக்ஃபெயில் இதைப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் திரும்பிவிட்டாள். கேட்டால், "கிளாஸ்கோ பக்கம் படகுக்கும் தலை துவட்டுவாங்க போலிருக்குன்னு நினைச்சேன்" என்கிறாள்.

நாங்கள் வந்து இறங்கியதும், இடுப்பு வரை நனைந்து நின்றவர், "மாமா, கவலைப்படாதீங்க, படகைக் காப்பாத்திட்டேன்!" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். எனக்குக் கையில் இருந்த மாவுப் பை நழுவியது. உன் அப்பாவின் கோபம் நீ அறியாததா? ஆனால் அவர் படகை ஒரு சுற்று சுற்றி வந்து, "நல்ல காரியம் பண்ணீங்க மாப்ளே, உள்ள வாங்க, ஒரு டீ குடிங்க" என்றார். சமையலறைக் கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "ஸ்ட்ருவன் ஒம்பது வயசுல இதேதான் பண்ணினான், ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் எப்படிக் கத்தினேன். சிரிச்சிருக்கலாம்" என்றார். அப்பாவின் தச்சுப் பட்டறையை ஏற்று நடத்த வரமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுப் போன இந்த இரண்டு வருஷத்தில் உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். நீ ஃபோனில் கூப்பிடும்போதெல்லாம் பட்டறைக்கு எழுந்து போகிறவர். எனக்கு அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

அன்று சாயங்காலமே சத்தமில்லாமல் படகை மறுபடி மூழ்கடித்துவிட்டார். காலையில் கேவின், "மாமா, திரும்பவும் முழுகிடுச்சு!" என்று ஓடி வந்தபோதுதான் கிர்ஸ்டி விஷயத்தைச் சொன்னாள். பாவம், அன்று முழுக்க மனிதர் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் படகு நன்றாக ஊறித் தயார். மீன் பிடிக்கப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பினால், தக்கையைக் காணோம் என்கிறார் அப்பா. சாவி மாட்டும் ஆணியில் இல்லை, எங்கும் இல்லை. மூன்று நாள் வீட்டையே புரட்டினோம். கேவின் ஒயின் பாட்டில் மூடியைக் கொண்டுவந்து நீட்டினார், அது சேராது என்று அப்பா தள்ளிவிட்டார். வேறொன்று செதுக்க ஒரு தச்சனுக்கு ஐந்து நிமிஷம் போதாதா என்று நானும் கத்திப் பார்த்தேன். கடைசி வரை படகு நகரவே இல்லை, எனக்கு அவர் மேல் நல்ல கோபம்.

இன்று காலை இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவர் எதிரில் வந்து நின்று, கோட்டுப் பையிலிருந்து அந்தத் தக்கையை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். "இத அடிக்கிறது எப்பவும் அவன் வேலைதானே, அவனுக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உறைக்குள் வைத்திருக்கிறேன். ஏதோ மரத்துண்டு என்று எறிந்துவிடாதே. தாளின் அடியில் கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறார், தச்சுப் பென்சிலைத் தேடும் சத்தம் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை என்றும் நன்றாக வைத்திருக்கட்டும். காலுறை ஞாபகம் இருக்கட்டும்.

உன் அன்புள்ள அம்மா,
ஐலீன்

அடுத்த ஜூலை முதல் சனிக்கிழமை படகை ஊறப்போடுவேன். புதன்கிழமைக்குள் வந்துவிடு. - அப்பா