நாலு விரல் சந்து

பாய், இந்த எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வரி எல்லாம் போகப் போகக் கீழே இறங்குகிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஆடுகள் மாதிரி. புள்ளி வைத்த இடங்களில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. பேனாவை அவ்வளவு அழுத்துகிறேன். இதுவரை எழுதியதற்கே இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆனால் எழுதியது நான். இதில் வேறு ஆள் கை இல்லை. அறுபத்தேழு வயதில் இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இன்று சாயங்காலம் இந்த வருஷத்தின் முதல் குளிர் இறங்கியது. ஆடுகளை அடைத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். சமர் என்று இங்கே சொல்லும் முள்மர விறகு பிடித்ததும் வருமே ஒரு வாசனை, கசப்பும் இனிப்புமாக, அது கேபின் முழுக்க நிறைந்தது. உடனே, "மாப்ளே, கதவைச் சாத்து, டீயைப் போடு" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் நானே கதவைச் சாத்தினேன். உங்கள் கட்டிலில் இப்போது ஆட்டுத்தீவன மூட்டைகள் கிடக்கின்றன.

எழுத்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வாரம் ஒரு தடவை தண்ணீர் வண்டி ஓட்டிவரும் சிவகங்கைக்காரரிடம்தான் கற்றுக்கொண்டேன். தொட்டி நிறைய அரை மணி ஆகும். அந்த நேரத்தில் வண்டியின் தூசி படிந்த பக்கவாட்டில் விரலால் நாலு எழுத்து எழுதிக் காட்டுவார். நான் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். "அண்ணே, இது எழுத்தில்ல, நண்டு" என்பார். போகும்போது குழாயைப் பிடித்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போய்விடுவார். அடுத்த வாரம் புதுத் தூசி, புது எழுத்து.

அல் ஐன் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு நாம் வந்த முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? ஊரில் சொன்னால் யாரும் நம்பவில்லை. "கல்ஃபுல குளிரா?" என்றார்கள். தகரக் கேபினுக்குள் படுத்தால் எலும்பு கிடுகிடுவென்று ஆடியது. ஜெனரேட்டரை ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுவார்கள், ஹீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாரையும் போல நாமும் பெயின்ட் டின்னில் கரியைப் போட்டு உள்ளே வைத்துக்கொண்டோம். ஒருநாள் காலையில் இரண்டு பேருக்கும் தலைவலி, வாந்தி. நீங்கள் டின்னைத் தூக்கி வெளியே எறிந்தீர்கள். "இது குளிர் காயுறது இல்ல மாப்ளே, கொஞ்சம் கொஞ்சமா சாகுறது. குழாய் வச்ச அடுப்பு ஒண்ணு பாப்போம்."

சந்தையில் கூடாரச் சாமான் விற்கும் கடையில் கண்ணாடிக் கதவு வைத்த அடுப்பு ஒன்று இருந்தது. உள்ளே தீ ஆடுவது வெளியே தெரியும். நான் அதை விட்டு நகரவில்லை. நீங்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தீர்கள்.

"தகரம். ரெண்டு குளிருக்குப் பொத்துப்போகும். இது உக்காந்து வேடிக்கை பாக்குறவங்களுக்கு. நம்ம படுத்துத் தூங்குறவங்க. உனக்குத் தீயைப் பாக்கணுமா, குளிர் காயணுமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் வேணும்னா ஊருக்குப் போயி உன் பொண்டாட்டிகூட அடுப்பங்கரையில உக்காரு."

அடுத்த வெள்ளிக்கிழமை அபுதாபிப் பட்டறைகள் இருக்கும் முசஃபாவுக்குப் போனோம். நீங்கள் முன்னே வேலை பார்த்த பட்டறையின் பாகிஸ்தான் பட்டாணியர், வெல்டர், "அபுதாபியில் ஹீட்டரா? தலை சரியாக இருக்கிறதா பாய்?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். ஆனாலும் செய்து கொடுத்தார். பழைய கேஸ் சிலிண்டர் ஒன்றில், மிச்ச கேஸ் வெடிக்காமல் இருக்கக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிவிட்டு வெட்டினார். கனத்த இரும்பு, சின்னக் கதவு, அடியில் சாம்பல் தட்டு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு. கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் குழாய் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். குட்டைக் குழாய் புகையை இழுக்காது, திருப்பித் துப்பும் என்றீர்கள்.

ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு அடித்து, அதன் வழியாகக் குழாயை வெளியே விட்டோம். தகட்டின் அடியில் நாலு விரல் அகலத்துக்குச் சந்து விட்டீர்கள். குளிரை விரட்ட அடுப்பு, குளிர் வர ஒரு வழியா என்று சண்டை போட்டேன்.

"நெருப்பும் மூச்சு விடணும்ல? இந்த ரூம்ல மூணு பேரு இருக்கோம்னு நினைச்சுக்க."

விறகு விஷயத்திலும் உங்கள் சட்டம்தான். பேரீச்ச மட்டை புதுப்பணக்காரன், குப்பென்று எரிந்து அணைந்துவிடும். கட்டடத்தில் கழித்த பலகை எண்ணெய் குடித்தது, புகை விஷம். சமர் விறகை ஒரு கோடை வெயிலில் காயப்போட்டு, பிளந்துதான் வைக்கவேண்டும். அந்த அடுப்பு வந்த பிறகு நாலு குளிர்காலம் நாம் பனியன் போட்டுக்கொண்டு தூங்கினோம்.

இப்போது சொல்லவேண்டியதற்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத்தே படித்தேன்.

அந்தச் சந்து என் கட்டிலுக்கு நேரே இருந்தது. காற்று கத்தி மாதிரி என் கழுத்தில் இறங்கும். "இடம் மாத்திக்குவமா?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றேன், வீம்புக்கு. நாலாவது குளிர்காலத்தில் மழை பெய்த அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கண் அசந்துவிட்டீர்கள். என் பச்சைக் கட்டம் போட்ட பழைய கைலியைச் சுருட்டி நான் அந்தச் சந்தில் அடைத்தேன். அடுப்புத் தகட்டையும் மூடிவைத்தேன், விறகு மிச்சம் பிடிக்கட்டும் என்று. சுகமாகத் தூங்கினேன்.

மூத்திரம் முட்டி விழித்தபோது தலை சுற்றியது, கால் நிற்கவில்லை. கூப்பிட்டேன், நீங்கள் எழுந்திருக்கவில்லை. எப்படி இழுத்தேன் என்று தெரியாது. வெளியே ஈர மணலில் உங்களைக் கிடத்திவிட்டு, வாய் குழறி சாமி பேரையும் உங்கள் பேரையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். மழை உங்கள் முகத்தில் விழுந்தது. ஒரு கண்ணைத் திறந்தீர்கள்.

"என்ன மாப்ளே, குளிப்பாட்ட ஆரம்பிச்சிட்ட? நான் இன்னும் மவுத்தாகலையே."

நான் அழுதேன். அழுதுகொண்டே உள்ளே ஓடி, கைலியைப் பிடுங்கி ஆட்டுக்கொட்டகைப் பக்கம் வீசிவிட்டு வந்தேன். "காத்து எதிர்த்து அடிச்சிருக்கு பாய், குழாயில புகை திரும்பிருச்சு" என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள்.

மறுநாள் உங்கள் கேள்வி: "உன் கைலி எப்படி ஆட்டு வாயில வந்துச்சு?"

"கொடியிலேர்ந்து பறந்திருக்கும்."

"ம்."

அதற்குப் பிறகு ஏணி போட்டு ஏறி, அந்தக் குளிர்காற்றில் குழாய்த் தலையில் ஒரு தகரத் தொப்பி மாட்டினீர்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாத லீவில் கிளம்பினீர்கள். கிளம்பும் அன்று காலையில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பு மார்க்கரால் ஏதோ எழுதினீர்கள். மார்க்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"என்ன பாய் எழுதுறீங்க?"

"எனக்குப் பதிலா வர்ற ஆளுக்கு. அடுப்பு பத்தவைக்கிற முறை."

உங்களுக்குப் பதிலாக வந்தவர் கடலூர்க்காரர், பேச்சுக் குறைந்த ஆள். சுவரைப் படித்தார், என்னைப் பார்த்தார். தினமும் படுக்கும் முன் ஜன்னலுக்குப் போய்ச் சந்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஏதோ அவர் பழக்கம் என்று நினைத்தேன். நீங்கள் திரும்பி வரவில்லை. கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் நெஞ்சுவலி, ஊரில், தொண்டியிலேயே முடிந்துவிட்டது என்று உங்கள் மகன் போனில் சொன்னார். ரத்தக்குழாயில் பழைய அடைப்பு என்று டாக்டர் சொன்னாராம். நான் எனக்குச் சொல்லிக்கொண்டது வேறு, அன்றைக்குக் குடித்த புகைதான் என்று. மூன்று வருஷமாக அந்தப் பச்சைக் கைலி என் நெஞ்சில் கிடக்கிறது பாய். உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் பெரிய பாரம். கடலூர்க்காரரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இந்த மடலை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான், போன வாரம், அடுப்பைத் துடைக்கப் போய் அந்தச் சுவர் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அது எனக்கு வெறும் கறுப்புக் கோடுதான். ஈரத்துணியால் கரியைத் துடைத்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தேன். முழுசாகப் படித்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

"இவன் குளிர் தாங்கமாட்டான். சந்தில் துணி அடைப்பான். படுக்கும் முன் நாலு விரல் விட்டுப் பார். திட்டாதே."

கடைசிச் சொல்லை மட்டும் பத்துத் தடவை படித்தேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகம். தண்ணீர் வண்டிக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "திட்டாதேன்னுதாண்ணே இருக்கு" என்றார். அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தக் காற்றில் ஏணி ஏறினீர்களா? வேண்டாத தொப்பியை மாட்டினீர்களா? தொப்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது. காற்றடித்தால் டக் டக் என்று சத்தம் போடுகிறது.

உங்கள் எழுத்துக்குக் கீழே நான் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். சுவரில் நான் எழுதிய முதல் எழுத்து அது. "அடைக்கவில்லை."

இப்போது இந்த ரூமில் நானும் நெருப்பும் இரண்டு பேர். குழாயின் அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. நாளைக்குத் தட்டிப் பார்க்கிறேன். மாற்றவேண்டுமா, வெல்டிங் போட்டால் போதுமா, அடுத்த வாரம் வண்டி வந்து போனபிறகு விவரமாக எழுதுகிறேன். இதை எழுதி முடிக்கப் பல நாள் ஆகிவிட்டது, விரல் வலிக்கிறது. நாலு விரலையும் சந்தில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப்போகிறேன். காற்று நன்றாக வருகிறது பாய், கழுத்திலேயே.